பவுசர் வராத வாரம்

மாத்தளைக்குக் கிட்ட, பலாபத்வலப் பக்கம் ஒரு பெட்ரோல் ஷெட்டில் எண்ணெய் அடிக்கிறவள் கிருஷாந்தினி. வயது முப்பத்தெட்டுதான், ஆனால் கால்களைக் கேட்டால் அறுபது என்று சொல்லும். மலையில் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கிற லயத்திலிருந்து காலை பஸ்ஸில் இறங்கி வந்து பம்புக்குப் பக்கத்தில் நின்றால் சாயந்தரம்தான் உட்காருவாள். மோட்டார் சைக்கிள்காரர்கள் சிங்களத்தில் தங்கச்சி என்கிற மாதிரி "நங்கி" என்று கூப்பிடுவார்கள். வேன்காரர்கள் ஹார்ன் அடித்துக் கூப்பிடுவார்கள். இரண்டு பேருக்கும் அவள் ஒரே முகத்தைத்தான் காட்டுவாள். இன்னொரு முகம் வைத்துக்கொள்ளத் தெம்பு இல்லை.

லயத்து ஆட்கள் அவளுக்கு ஒரு பெரிய பதவி கொடுத்திருந்தார்கள். நாட்டில் எண்ணெய் விலையைக் கூட்டுவதும் குறைப்பதும் அவள்தானாம். மாசக் கடைசி ஆனால் பக்கத்து வீட்டு மாரிமுத்து பைப்படியில் மறித்துக்கொள்வார்.

"ஏம்மா, இந்த மாசம் கூடுமா, கொறயுமா? நீ அங்கதானே நிக்கிற."

"நான் கொழாயப் புடிச்சிக்கிட்டு நிக்கிறவ மாமா. வெல போடுறவங்க கொழும்புல இருக்காங்க."

"தெரிஞ்சும் சொல்ல மாட்டேங்கிற."

உலகச் சந்தை விலை, டாலர் விலை, கப்பல் கூலி, வரி எல்லாம் சேர்த்து ஏதோ ஒரு சூத்திரம் வைத்திருக்கிறார்கள். மாதத்துக்கு ஒரு தடவை அதைத் தட்டிப் பார்த்துப் புது விலையை அறிவிக்கிறார்கள். மழையில் நனைந்த விறகும், அவள் புருஷன் ரமேஸின் நெஞ்சும் அந்தச் சூத்திரத்தில் எந்த மூலையிலும் வராது.

ரமேஸ் மாத்தளையில் மிளகாய் அரைக்கிற மில்லில் வேலை செய்து நெஞ்சைக் கெடுத்துக்கொண்டவன். விறகுப் புகை பட்டால் போதும், மூச்சு விசிலடிக்கத் தொடங்கிவிடும். வீட்டில் புகையே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கேஸ் சிலிண்டருக்கு மொத்தமாகப் பணம் புரளாது. மண்ணெண்ணெய் என்றால் கையில் இருக்கிறதுக்கு ஏற்ற மாதிரிக் கேனில் வாங்கிக்கொள்ளலாம். அந்த அடுப்பு எரிந்தால்தான் அந்த வீட்டில் ஒருவன் ஒழுங்காக மூச்சு விடுவான்.

கொழும்புக் கணக்கு தெரியாவிட்டாலும் கிருஷாந்தினியிடம் ஒரு குறி இருந்தது. முதலாளி சாலிஹ் ஹாஜியார் விலை குறையும் என்று மோப்பம் பிடித்தால், மாசக் கடைசி வாரத்தில் எண்ணெய் கொண்டுவருகிற பவுசருக்குச் சொல்ல மாட்டார். கூடின விலைக்கு வாங்கி நிரப்பிவிட்டு மறுநாள் குறைந்த விலைக்கு விற்க எந்த வியாபாரிக்கு மனசு வரும்? ஆக, பவுசர் வராவிட்டால் விலை இறங்கும். பல மாதமாகப் பார்த்து வைத்த குறி இது. பெட்ரோலை வைத்துப் பார்த்த குறி என்பதை மட்டும் அவள் யோசிக்கவில்லை.

அந்த மாதம் பவுசர் வரவில்லை. மண்ணெண்ணெய்த் தாங்கியில் அடியில் கொஞ்சம்தான் கிடந்தது. வீட்டுக் கேனும் காலி, அடுப்பில் ஊற்றியிருந்தது இரண்டு நாளைக்குத்தான் தாங்கும். வேலை முடிந்து கேனைக் கையில் எடுத்தவள் கொஞ்சம் நின்றாள். இன்னும் இரண்டு நாள்தானே, குறைந்த விலைக்கே வாங்கிக்கொள்ளலாமே என்று கேனை அப்படியே திருப்பி வைத்துவிட்டு பஸ் ஏறினாள். விலை இறங்கும் என்று மாரிமுத்துவிடமும் சொன்னாள். அவரிடம் சொன்னால் லயம் முழுக்கச் சொன்ன மாதிரி.

மறுநாள் யட்டவத்தப் பக்கத்துத் தோட்டக்காரர்கள் தண்ணீர் மோட்டாருக்கென்று வந்து அடியில் கிடந்ததையும் வாங்கிப்போனார்கள். அவளே அடித்துக் கொடுத்தாள்.

முதலாம் தேதி விலை வந்தது. பெட்ரோல் குறைந்தது, டீசலும் குறைந்தது. மண்ணெண்ணெய் பழைய விலையிலேயே நின்றது. சரி, அந்த விலைக்காவது வாங்கலாம் என்றால் ஷெட்டில் சொட்டு இல்லை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டும் என்பார்கள். இங்கே சாமியும் கொடுக்கவில்லை.

"பவுசர் எப்ப வரும் மொதலாளி?"

"நான் என்ன செய்ய புள்ள? எல்லா ஷெட்டுக்காரனும் ஒரே நாள்ல சொல்லியிருக்கான். நம்ம முறை வரணுமே."

அவரைத் திட்டவும் அவளுக்கு வாய் வரவில்லை. அவர் போட்ட கணக்கைத்தானே அவளும் போட்டாள்.

மலையில் மழை விடவேயில்லை. ரமேஸை வாசல் பக்கம் உட்கார வைத்து, வாயில் துவாயைக் கட்டிவிட்டு, ஒரு நேரம் மட்டும் விறகு மூட்டிச் சமைத்தாள். ஈர விறகு எரிவதற்குப் பதில் புகைந்தது. அவன் இருமலை அடக்கிக்கொண்டே, "எனக்கு ஒண்ணுமில்ல, நீ சோத்த எறக்கு" என்றான். அது அவளுக்கு இன்னும் வலித்தது. மூன்றாம் நாள் விடியலில் அவனுக்குப் பேச்சே வரவில்லை, உதடு கறுத்துப்போனது. மாரிமுத்துதான் ஓடிப்போய் த்ரீவீலரைக் கூட்டி வந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் ஒரு கேன் எண்ணெயின் நினைப்புதான் அவளை அறுத்தது. வாங்கியிருக்கலாம். கையில் கேன் இருந்தது, தாங்கியில் எண்ணெயும் இருந்தது.

மறுநாள் பவுசர் வந்தது. வேலை முடிந்து, கேனை நிரப்பி, லயத்தில் சேர்க்கச் சொல்லி த்ரீவீலர்க்காரரிடம் கொடுத்துவிட்டு வார்டுக்குப் போனாள். ரமேஸின் முகத்திலிருந்து மாஸ்கைக் கழற்றியிருந்தார்கள். கன்னத்தில் அதன் தடம் பதிந்திருந்தது. அவளைப் பார்த்ததும் கையை ஆட்டிக் கிட்டே கூப்பிட்டான்.

"வெல கொறஞ்சிச்சா?"

கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தாள்.

"கொறஞ்சிருக்குங்க."

அவன் முகம் தெளிந்தது. "பாத்தியா. நீ சொன்னா தப்பாதுன்னு மாரிமுத்து மாமாகிட்ட சொன்னேன்." மூச்சை இழுத்துச் சேர்த்துக்கொண்டான். "அடுத்த மாசமும் அவசரப்பட்டு வாங்கிடாத. பவுசரப் பாத்துட்டு வாங்கு."

"சரிங்க" என்றாள்.