பெண் பார்த்த வீட்டில் மதர்போர்டு மாற்றினேன்

டாக்டரிடம் போனால் ஜனங்கள் வியாதியைச் சொல்வார்கள். கம்ப்யூட்டர் ரிப்பேர்காரன் வந்தால் மட்டும், ‘நாங்க ஒண்ணுமே பண்ணலை, தானா நின்னுபோச்சு’ என்பதோடு சரி. மிச்சத்தை நாமேதான் கண்டுபிடிக்க வேண்டும். பெட்டியின் மூடியைக் கழற்றி வைத்துவிட்டு, இதற்கு மறுபடி உயிர் வருமா என்று முழித்திருக்கிறீர்களா? அப்படியானால் நீங்கள் நம்ம கட்சி. கேளுங்கள் என் கதையை.

தொண்ணூறுகளின் பிற்பாதி. சைதாப்பேட்டையில் நானும் செல்வமும் கூட்டாக ஒரு சின்ன சர்வீஸ் கடை வைத்திருந்தோம். எத்தனையோ பெட்டிகளைத் திறந்திருக்கிறேன். இன்றுவரை மறக்காதது ஒரே ஒரு பெட்டியைத்தான்.

பஜ்ஜிக்குப் பிறகு

நானும் என் அம்மாவும் மயிலாப்பூரில் வசுமதி என்ற பெண்ணைப் பார்க்கப் போனோம். தி. நகரில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்க்கிறாள் என்று சொல்லியிருந்தார்கள். தலையைக் குனியாமல் நேராக என்னைப் பார்த்து, “நீங்க கடை வெச்சிருக்கேளாமே, ஞாயித்துக்கிழமை லீவு உண்டா?” என்று கேட்டாள். எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. அதைச் சொல்வதில் என்ன வெட்கம்? ரொம்பவே பிடித்துவிட்டது. என் அம்மாவுக்கும் முழுச் சம்மதம்.

அவள் அப்பா வெங்கட்ராமன் மாமாதான் பிடி கொடுக்கவில்லை. பேங்க்கில் ஆபீசராக இருந்து ரிட்டையரானவர். ‘சொந்தக் கடை’ என்ற வார்த்தையைக் கேட்டதும் பஜ்ஜியில் கல் கடிபட்டதுபோல் முகம் போயிற்று. கூடத்து மூலையில் உறை போட்ட அவர்களுடைய பழைய 486 கம்ப்யூட்டர் இருந்தது. அமெரிக்காவில் இருக்கும் பிள்ளை, அதைப் பென்டியமாக மாற்றச் சொல்லி ஈமெயிலில் நச்சரித்துக்கொண்டிருந்தானாம். மாமா அந்தப் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு என் அம்மாவிடம் சொன்னார்: “பையன் கைவேலையைப் பார்த்துட்டே பதில் சொல்றேனே!”

சனிக்கிழமை வேண்டாம்

மாமாவை அழைத்துக்கொண்டு, கம்ப்யூட்டர் சாமான் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போய்ப் புது மதர்போர்டும் பிராசஸரும் வாங்கினோம். அது ஒரு சனிக்கிழமை. அன்றே மாட்டிவிடலாம் என்று பரபரத்தேன். மாமா ஒப்புக்கொள்ளவில்லை. சனிக்கிழமையில் புதுசாக எதையும் ஆரம்பிக்கக் கூடாதாம். வீட்டுக்குத் திரும்பியதும், வசுமதியின் அம்மா, அதாவது மாமி, அட்டைப் பெட்டிகளை வாசலிலேயே வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

நம் தொழிலில் ஒரு விதி உண்டு, தெரியுமோ? நாம் வாங்கிய சாமானை நம் கண் மறைவில் விடக் கூடாது. ஆனால் பெண் வீட்டில் போய், “அதை என்கிட்டயே குடுங்கோ” என்று எப்படிப் பிடுங்குவது? பல்லைக் காட்டிவிட்டுக் கிளம்பினேன். படியிறங்கும்போது மாமா நினைவூட்டினார்: “நாளைக்கு நாலரைக்கு ராகுகாலம். அதுக்குள்ள ஓடணும்.”

ஃபேன் சுற்றியது

ஞாயிற்றுக்கிழமை காலை குளித்து, சட்டைக்கு இஸ்திரி போட்டு, விபூதி இட்டுக்கொண்டு போனேன். திருப்புளியோடு தரையில் சம்மணம் போட்டேன். சுற்றி மூன்று ஜோடிக் கண்கள். மாமா டார்ச் அடித்தார், வெளிச்சம் முழுக்க என் மூஞ்சியில். பழைய போர்டைக் கழற்றினேன். புதுசை முடுக்கினேன். பிராசஸர் என்பது பிஸ்கட் அளவு சில்லு. அடியில் சீப்புப் பல் மாதிரி நூற்றுக்கணக்கில் ஊசிக்கால்கள். மேலே மூலையில் இருக்கும் அடையாளத்தை மட்டும் பார்த்து உட்கார வைத்தேன். கொஞ்சம் இறுக்கமாக இறங்கிற்று. புதுசு, அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

அடுத்து பவர் ஒயர். இரண்டு கொத்து வரும், கறுப்பு ஒயர்கள் நடுவில் ஒட்டி நிற்க வேண்டும். மாற்றிப் போட்டால் புகைதான். திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு, முருகா என்று ஸ்விட்சைப் போட்டேன். ஃபேன் சுற்றியது. மானிட்டரில் ஒன்றும் இல்லை. ‘பீப்’ என்ற சத்தம்கூட இல்லை. சத்தம் வந்தாலாவது இன்ன கோளாறு என்று பிடித்துவிடலாம். மௌனமாக இருந்தால் எங்கே போய் முட்டிக்கொள்வது? “ஃபேன் ஓடறது மாமா” என்றேன் அசடு வழிய. மாமா டார்ச்சை அணைத்தார். “ஃபேன் ஏற்கெனவே இந்தாத்துல நாலு இருக்கே!”

போனில் செல்வம்

மெமரியைக் கழற்றி மாட்டினேன். டிஸ்ப்ளே கார்டை இடம் மாற்றினேன். ஹார்ட் டிஸ்க் கேபிளை உருவிவிட்டுப் போட்டுப் பார்த்தேன். ஊஹூம். ஒவ்வொரு தடவை ஸ்விட்சைத் தட்டும்போதும் மாமி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள், கன்னத்தில் போட்டுக்கொண்டாள், மறைந்தாள். இஸ்திரி போட்ட சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. சில்லு எரிந்துபோயிருந்தால்? ‘புது சாமானையே எரிச்சவன், என் பொண்ணை எப்படி வெச்சுக் காப்பாத்துவான்’ என்று மாமா நினைத்தால்? நினைக்காமல் என்ன செய்வார்!

வேறு வழியில்லாமல், அவர்கள் வீட்டுப் போனிலிருந்தே செல்வத்தைக் கூப்பிட்டேன். மாமா பக்கத்து நாற்காலியில் பேப்பரைப் பிரித்து வைத்துக்கொண்டு ஒரு வரிகூடப் படிக்காமல் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். நான், “ஆமாம்... போட்டாச்சு... அதுவும் பார்த்தாச்சு” என்று கௌரவமாகப் பேசினேன். அந்தப் பக்கம் செல்வம் போட்ட கூச்சல் கூடம் முழுக்கக் கேட்டது. “இன்னா மச்சி நீ, எல்லாத்தியும் நோண்டிக்கினு கீறே, சில்லைத் தூக்கிப் பார்த்தியா? அதுல ஒரு கால் மடங்கிப் போச்சுன்னு வையி, உன் கல்யாணமும் மடங்கிப் போச்சு நைனா!”

காபி

போனை வைத்தபோது மாமா எழுந்து, “நான் செத்த படுத்துக்கறேன்” என்று உள்ளே போய்விட்டார். எனக்கு அழுகையே வந்துவிடும்போல் இருந்தது. வசுமதி காபி கொண்டுவந்து வைத்தாள்.

“ரொம்பப் படபடப்பா இருந்தா விட்டுடுங்கோ. அப்பாகிட்ட நான் சொல்லிக்கறேன்” என்றாள்.

“என்னன்னு சொல்லுவேள்?”

டம்ளரை என் பக்கம் நகர்த்தினாள். “கம்ப்யூட்டர் வேண்டாம்னு சொல்லுவேன். வேற எதையும் வேண்டாம்னு சொல்ல மாட்டேன்.”

மின்னுகிற பக்கம்

அதைக் கேட்ட பிறகு விட்டுவிட்டுப் போக முடியுமா? அவள் உள்ளே போனதும் சில்லின் பிடியைத் தளர்த்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கித் திருப்பினேன். கால்கள் எல்லாம் நேராகத்தான் இருந்தன. ஆனால் ஒரு மூலையில், கால்களுக்கு நடுவே, வெளுப்பாக ஏதோ காய்ந்து கிடந்தது. அதன்மேல் சிவப்பாக ஒரு புள்ளி. மூக்கருகே கொண்டுபோனேன். சந்தனம். சாட்சாத் சந்தனமும் குங்குமமும்!

நிமிர்ந்தால், சமையலறை வாசலில் மாமி. கையில் கரண்டி, முகத்தில் ரத்தமே இல்லை. புதுச் சாமான் வந்தால் பூஜை அறையில் வைத்துப் பொட்டு இடுவது அந்த வீட்டு வழக்கம். மிக்ஸிக்கு இட்டாள், ஸ்கூட்டருக்கு இட்டாள், இதற்கும் இட்டுவிட்டாள். என்னால் அவளைக் கோபித்துக்கொள்ளக்கூட முடியவில்லை, அப்படி நடுங்கிக்கொண்டு நின்றாள். படுக்கை அறைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்: “தங்கமாட்டம் மினுங்கித்தே, அந்தப் பக்கம்தான் முகம்னு நெனச்சுட்டேன்ப்பா. மாமாவுக்குத் தெரிஞ்சா என்னை உண்டு இல்லைன்னு ஆக்கிடுவார்.”

பதில்

என் பையில் ஸ்பிரிட்டும் மெல்லிய பிரஷும் எப்போதும் இருக்கும். ஒவ்வொரு காலாகத் துடைத்தேன். சாக்கெட்டையும் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, மறுபடி உட்கார வைத்தேன். இந்தத் தடவை சுகமாக இறங்கிற்று. ஸ்விட்சைப் போட்டேன். ‘பீப்’! உலகத்தில் அதைவிட இனிமையான சங்கீதத்தை நான் கேட்டதில்லை, மயிலாப்பூர் சபாக்கள் மன்னிக்கட்டும். மானிட்டரில் எழுத்துகள் ஓடின. ராகுகாலத்துக்கு இன்னும் நேரம் இருந்தது.

சத்தம் கேட்டு மாமா ஓடி வந்தார். “என்ன கோளாறு?” என்றார். மாமி கரண்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றாள். உண்மையைச் சொன்னால் என் தொழில் பிழைக்கும், மாமி தொலைந்தாள். சொல்லாவிட்டால் நான் தொலைந்தேன். வசுமதி வேறு அம்மாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் தானாகச் சொல்லிவிட்டது: “நான்தான் மாமா, சில்லைச் சரியா உட்கார வெக்கலை.”

மாமா இடுப்பில் கை வைத்துக்கொண்டார். “அப்போ காலைலேர்ந்து உங்க தப்பைத்தான் நீங்க தேடிண்டிருந்தேளா? ஒரு சில்லை உட்கார வெக்கத் தெரியலை, கடை நடத்தறேளாக்கும்!” என்றார். போச்சு, எல்லாம் போச்சு என்று திருப்புளிகளைப் பையில் போட ஆரம்பித்தேன். அப்போது, அதுவரை சுவரோடு இருந்த மாமி முன்னால் வந்தாள். குரலில் துளி நடுக்கம் இல்லை. “ஏன்னா, தன் தப்பைத் தன் வாயால சொல்ற ஒரு ஆம்பளையை இந்தாத்துல இன்னிக்குத்தான் பார்க்கறேன். நேக்கு இவர் போறும், பேசி முடிங்கோ.”

கல்யாணமாகி இத்தனை வருஷத்துக்குப் பிறகும், அந்த வீட்டில் மிக்ஸி நின்றாலும் சரி, மோட்டார் தண்ணீர் ஏற்றாவிட்டாலும் சரி, ‘மாப்பிள்ளை ஏதையாவது சரியா உட்கார வெச்சிருக்க மாட்டார்’ என்றுதான் மாமனார் சொல்லிக்கொண்டிருக்கிறார், நானும் மாமியாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் காபி குடித்துக்கொண்டிருக்கிறோம்.