பச்சைத் தண்ணீரில் இறங்கிய பதினான்கு எருமைகள்

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு நண்பகல். கச்சான் காற்று மேற்கிலிருந்து அனலாக வீசிக்கொண்டிருந்தது. வரிப்பத்தான்சேனைக்கு அப்பால் ஒரு சிறு குளத்தங்கரையில் எருமைகளோடு நின்றேன். என் ஊர் கல்முனைப் பக்கம். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டுவிட்டு, கிடைத்த வேலையைச் செய்துகொண்டு திரிந்த காலம் அது.

எருமைகள், ஒரு கன்றோடு சேர்த்துப் பதினான்கும், நாங்கள் ராத்தா என்றழைக்கும் ஒரு அக்காவுக்குச் சொந்தம். கணவர் மௌத்தாகித் தனியாளான பிறகு தயிர் விற்றுத்தான் மூன்று பிள்ளைகளை வளர்த்தார். மேய்க்கும் வேலையில் நான் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை.

அந்த வருடம் வெயில் கொடுமை. குளம் பாதியாக வற்றிக் கிடந்தது. நிழல் இருந்தது கிழக்குக் கரையில் மட்டும்தான். அதனால் அங்கேயே ஓட்டிப்போனேன். அந்தக் கரையோரம் தண்ணீர் பெயின்ற் ஊற்றியதுபோல் பச்சையாக இருந்தது. பாசிதானே என்று நினைத்தேன். எருமைகள் கரையில் தயங்கி, மூக்கால் சீறி நின்றன. பிடிவாதம் என்று எண்ணிக் கம்பால் தட்டி இறக்கினேன். பிறகு நண்பகல் ளுஹர் தொழுகைக்குக் கைகால் கழுவி உளூ எடுக்க உட்கார்ந்து, பச்சையைக் கையால் விலக்கி, வாயில் தண்ணீர் எடுத்தேன்.

"துப்பு! டேய் தம்பி, துப்பு!"

குளத்தின் நடுவில் தோணியில் ஒருவர் எழுந்து நின்று கத்தினார். தம்பிலுவில் பக்கத்திலிருந்து மீன் பிடிக்க வருபவர். துப்பினேன்.

"மாட்டையெல்லாம் வெளிய எடு! நஞ்சு அது. போன கிழமை ரெண்டு நாய் குடிச்சுப்போட்டு அந்தா அதிலேயே விழுந்து செத்தது!"

தாகத்தில் இறங்கிய எருமையைத் திருப்புவது லேசான காரியமல்ல. இடுப்பளவுச் சேற்றில் நின்று கத்தினேன், வாலைப் பிடித்து இழுத்தேன். ஒன்று திரும்பினால் இரண்டு உள்ளே போனது. அவர் தோணியை எருமைகளுக்கு நேரே விட்டு, கோலால் தண்ணீரில் ஓங்கி ஓங்கி அடித்தார்.

"மாட்டுக்கு இருக்கிற அறிவு மேய்க்கிறவனுக்கு இல்லையே! காத்து எல்லாத்தையும் இஞ்சால ஒதுக்கி வெச்சிருக்கு. மேற்குக் கரைக்குக் கொண்டு போயிருக்கலாமே!"

ஒருவழியாகப் பதினான்கும் கரையேறின.

"எப்படியண்ணே இப்படி ஆச்சு?" என்று கேட்டேன்.

"வயலுக்கு எறியிற யூரியா எங்க போகுதெண்டு நினைச்ச? வடிச்சல் வாய்க்கால் எல்லாம் இஞ்சதான் வருது. பாசிக்கும் அந்த உரம் பசளைதானே மனே. இந்த வெயிலுக்குத் தண்ணியும் கொதிக்குது. பிறகென்ன, பெருகாமல் இருக்குமா?"

போன மாதம் அதே வயல்களில் கூலிக்கு யூரியா எறிந்தவன் நான். வெறும் பைகளை நெல் கட்ட உதவும் என்று அந்த வடிச்சல் வாய்க்காலில்தான் அலசிக் காயப்போட்டேன். எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள்.

மேற்குக் கரை வழியாகப் பட்டிக்குத் திரும்பும்போது ஒரு கன்று பின்தங்கியது. தாயோடு ஒட்டி நின்று அதுவும் குடித்திருக்கிறது. கால்கள் பின்னின. விழுந்து, நுரை தள்ளி, மாலை அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்வதற்குள் முடிந்துவிட்டது. பெருந்தெரு பக்கத்தில்தான். பஸ்ஸில் ஏறிப் போய்விடலாமா என்ற எண்ணம் வந்ததை மறைக்க மாட்டேன். மற்றவற்றை யார் பார்ப்பது என்று யோசித்துத்தான் நின்றேன்.

செய்தி கேட்டு ராத்தா ஓடி வந்தார். "ராத்தா, பிழை என்னிலதான். நான்தான் அடிச்சு இறக்கினேன்" என்றேன்.

அவர் கன்றைப் பார்த்தார், பிறகு பச்சை ஒட்டியிருந்த என் வாயைப் பார்த்தார்.

"நீ குடிச்சியா?"

"இல்ல, துப்பிட்டேன்."

"பொய் சொல்லாத. போய்க் கிணத்துத் தண்ணியில வாயக் கழுவு. அந்தத் தாய் இனிப் பால் சுரக்காது. மிச்சத்தையாவது காப்பாத்திக் குடு."

மழை வரும்வரை அங்கேயே இருந்தேன். கிணற்றிலிருந்து வாளி வாளியாக அள்ளித்தான் எருமைகளுக்குத் தண்ணீர் காட்டினேன். வேறு எருமை எதுவும் சாகவில்லை. கன்றைக் கொன்ற பிழையை ராத்தாவிடம் ஒப்புக்கொண்ட எனக்கு, அந்தக் குளம் பச்சையானதில் என் கையும் இருந்தது என்பதைச் சொல்ல மட்டும் கடைசிவரை துணிவு வரவில்லை. சொல்லாமல் வைத்த அந்தப் பாதிதான் இன்றும் என்னை உறுத்துகிறது.