தாலி, பாக்கு: கத்திங்கான் ஆற்றங்கரையில் வீடு பார்க்கப் போனது

ஜகார்த்தா விமான நிலையத்தில் பாஸ்போர்ட் பார்க்கும் அதிகாரி, எதற்கு வந்திருக்கிறீர்கள் என்று இங்கிலீஷில் கேட்டார். 'டூரிஸ்ட்' என்று ஒரே வார்த்தை சொன்னால் போதும் என்று என் மகள் பியூலா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். நான் பத்தாவது வரை படித்தவன், ஒரு வார்த்தையோடு நிறுத்த மனசு வருமா? "ஹவுஸ் சீயிங்" என்றேன். வீடு வாங்க வந்திருக்கிறேன் என்று நினைத்து அவர் என்னை ஓரமாக நிற்க வைத்துவிட்டார். "நோ பையிங், ஒன்லி சீயிங்" என்று நான் விளக்க விளக்க அவர் முகம் இறுகிக்கொண்டே போனது. கவுண்டருக்கு அந்தப் பக்கம் போய்விட்ட பியூலா கெஞ்சிக் கூத்தாடி என்னை மீட்க இருபது நிமிடம் ஆயிற்று.

நான் சொன்னது உண்மைதான். பியூலா சிங்கப்பூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள். கூட வேலை செய்யும் ஹெரி என்கிற பையனைக் கட்டிக்கொள்கிறேன் என்றாள். இந்தோனேசியாக்காரன், போர்னியோ தீவில் ஏதோ ஒரு ஆற்றங்கரைக் கிராமம். எங்களைப் போலவே கிறிஸ்தவக் குடும்பம், அதனால் அந்த வழியில் மறுக்க முடியவில்லை. "மாப்பிள்ளை வீட்டைப் பார்க்காமல் பெண் கொடுக்கிற வழக்கம் நம்மிடம் கிடையாது" என்று சொல்லிவிட்டேன். நேரில் போனால் ஒரு குறையாவது கண்ணில் படும், அதை வைத்து வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்பது என் திட்டம். பாபநாசம் பக்கத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். எரிந்துபோன காயிலைப் பிரித்துப் பழுது கண்டுபிடிப்பதுதான் முப்பது வருடத் தொழில். சம்பா அறுவடை முடிந்த கையோடு, பிப்ரவரியில், கடையைப் பூட்டிவிட்டுக் கிளம்பினேன்.

இதே வழியில் போக நினைப்பவர்களுக்கு: திருச்சியிலிருந்து சிங்கப்பூர் போய்வர எனக்கு 13,400 ரூபாய் ஆனது. அங்கே பியூலா சேர்ந்துகொண்டாள். சிங்கப்பூரிலிருந்து ஜகார்த்தா, ஜகார்த்தாவிலிருந்து பாலங்காராயா, ஆளுக்கு இரண்டு விமானம். பாலங்காராயாவிலிருந்து காசோங்கான் என்கிற சின்ன டவுனுக்குக் காரில் இரண்டு மணி நேரம், நாலு லட்சம் ரூபியா. பயப்படாதீர்கள், நம் பணத்தில் இரண்டாயிரம்தான். அங்கிருந்து ரோடு கிடையாது. கத்திங்கான் ஆற்றில் மேல்நோக்கி இரண்டேகால் மணி நேரம் படகு, மூன்று லட்சம் ரூபியா. படகுக்கு 'கிளோத்தோக்' என்று பெயர். இன்ஜின் போடும் சத்தத்தையே பெயராக வைத்துவிட்டார்கள். ஒற்றை சிலிண்டர் டீசல் இன்ஜின்; டேப்பெட் சரியில்லை என்று காதிலேயே தெரிந்தது, ஓட்டுநரிடம் சொல்ல எனக்குத்தான் பாஷை இல்லை.

ஆறு இரு கரையும் தொட்டு, தேத்தண்ணி நிறத்தில் ஓடியது. காற்றுக்காக நான் படகின் முன்பக்கம், சுருட்டி வைத்திருந்த கயிற்றுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஊர் வந்தது. படித்துறையில் முன்னாடியே ஊருக்கு வந்துவிட்ட ஹெரியும் அவன் அப்பா லூக்காஸும் நின்றிருந்தார்கள். படகு கரையை நெருங்கியதும் லூக்காஸ் இரண்டு கையையும் நீட்டி என்னைப் பார்த்துக் கத்தினார்: "தாலி, பாக்! தாலி, பாக்!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கால் இன்னும் தரையில் படவில்லை, அதற்குள் தாலியும் பாக்கும் கேட்கிறாரே மனுஷன்!

"மொதல்ல வீட்டப் பாக்கலாங்க! தாலி, பாக்கெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்!" என்று நானும் இரண்டு கையையும் ஆட்டிக் கத்தினேன்.

அவர் இன்னும் பலமாகக் கத்தினார். நானும் விடவில்லை. அதற்குள் தண்ணீர் படகை இழுத்துக்கொண்டு போய், பக்கத்து வீட்டார் ஆற்றில் கட்டியிருந்த மிதவையில் மோதவிட்டது. அங்கே துணி அலசிக்கொண்டிருந்த பெண்ணின் வாளி ஆற்றோடு போனது. ஹெரி சட்டையோடு குதித்து நீந்தி அதைப் பிடித்தான். பையனுக்கு நீச்சல் தெரியும் என்று குறித்துக்கொண்டேன்.

ஹெரியிடம் அவர்கள் பாஷை கற்றிருந்த பியூலா, பின்னால் சிரிப்பில் பேசமுடியாமல் கிடந்தாள். "அப்பா, தாலின்னா இவங்க பாஷைல கயிறு. பாக்குன்னா ஐயா. உங்க காலடில கிடக்குற கயித்தத் தூக்கிப் போடுங்க ஐயாங்குறாரு!"

நம் ஊரில் தாலி என்றால் என்ன என்று அவள் அவர்களுக்கும் சொன்னாள். சத்தம் கேட்டு இறங்கி வந்திருந்த ஹெரியின் அம்மா ஏதோ சொல்ல, படித்துறையே சிரித்தது.

"என்ன சொல்றாங்க?"

"நாங்க கயிறு கேட்டா கயிறுதான் குடுப்போம், உங்கப்பா பொண்ணையே குடுப்பாராங்குறாங்க."

ஊரைப் பற்றி. ஆற்றின் ஓரமாக ஒரே வரிசையில் நாற்பது வீடு இருக்கும். தெருவுக்குப் பதில் பலகை நடைபாதை. இரும்பு மாதிரி கனக்கும் ஒரு மரத்தில், ஆள் உயரத்துக்கு மேல் கால் நட்டு வீடு கட்டியிருக்கிறார்கள். வெள்ளம் வந்தால் தண்ணீர் அடியில் போய்விடும். ஒவ்வொரு வீட்டுக்கும் கீழே ஆற்றில் ஒரு மிதவை. குளியல், துவையல், கூண்டில் மீன் வளர்ப்பு எல்லாம் அதில்தான். ஒரு தேவாலயம், ஒரு ஆரம்பப் பள்ளி. கரண்ட் மாலை ஆறிலிருந்து பத்து வரை. வீடுகளுக்குப் பின்னால் ரப்பர் மரம், அதற்கும் பின்னால் மேட்டுக்காட்டில் வருடம் ஒரு போகம் நெல், மழையை நம்பி. வாய்க்கால், மதகு, முறைத்தண்ணீர் எதுவும் இல்லை. எந்த அணையை எப்போது திறப்பார்கள் என்று பேப்பர் பார்க்கிற ஆளும் இல்லை.

எவ்வளவு நிலம் என்று கேட்டேன். லூக்காஸ் தூரத்தில் ஒரு மரத்தைக் காட்டி, அதுவரைக்கும் என்றார்.

"பட்டா இருக்கான்னு கேளு."

"அப்பா, இத நான் கேக்கமாட்டேன்."

மதியம் சாப்பாட்டு நேரம் வந்தது. கிளம்பும்போதே என் மனைவி சொல்லியிருந்தாள்: "பேச்சு முடியாம அங்க கை நனைச்சுடாதீங்க." மாப்பிள்ளை வீட்டில் சாப்பிட்டுவிட்டால் சம்மதம் என்றாகிவிடும். அதனால் பாயில் உட்கார்ந்ததும் வயிறு சரியில்லை என்று ஒரு பொய்யைப் போட்டேன். ஆற்று மீன், பிரம்புக் குருத்துப் போட்ட குழம்பு, சிவப்பு அரிசிச் சோறு. வாசனையிலேயே வயிறு என்னைக் காட்டிக்கொடுக்கப் பார்த்தது.

ஹெரியின் அம்மா வற்புறுத்தவில்லை. எழுந்து அடுப்படிக்குப் போனவர் முக்கால் மணி நேரம் கழித்து வந்தார். கையில் ஒரு கிண்ணம் கஞ்சி, இஞ்சி தட்டிப் போட்டது, பக்கத்தில் ஒரு கரண்டி. அவர் வரும்வரை யாரும் சோற்றில் கை வைக்கவில்லை, லூக்காஸ் உட்பட. எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. கரண்டியால் குடித்தால் கை நனையாதே என்று ஒரு சட்டம் கண்டுபிடித்து, குடிக்க ஆரம்பித்தேன். நாலு வாய் போயிருக்கும்.

"கரண்டில குடிச்சா கணக்குல வராதாப்பா?" என்றாள் பியூலா. தட்டைப் பார்த்துக்கொண்டுதான் கேட்டாள். அவளும் இன்னும் ஒரு பருக்கை எடுக்கவில்லை.

கரண்டியை ஓரமாக வைத்தேன். கையைக் கழுவிக்கொண்டு, சோற்றை இழுத்துப் போட்டு, மீனைப் பிட்டுப் பிசைந்து சாப்பிட்டேன். வயிறு அதற்குள் சரியாகிவிட்டதா என்று லூக்காஸ் கேட்டார். கஞ்சி நல்ல கஞ்சி என்றேன். பியூலா தண்ணீர் எடுத்துவருகிறேன் என்று உள்ளே போனாள். ரொம்ப நேரம் கழித்து வந்தாள், கையில் தண்ணீர் இல்லை.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். பணத்தை டவுனிலேயே மாற்றிக்கொள்ளுங்கள், கிராமத்தில் பெரிய நோட்டுக்குச் சில்லறை கிடைக்காது. கொசுவலை கட்டாயம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடியும்வரை படகு எடுக்கமாட்டார்கள். படகில் முன்னால் உட்கார்ந்தால் கயிறு உங்கள் பொறுப்பு, ஞாபகம் இருக்கட்டும். மதியத்தில் மழை பிடித்துக்கொள்வதால் திரும்பும்போது காலையிலேயே கிளம்பிவிடுங்கள்.

நாங்கள் திங்கட்கிழமை காலை ஆறரைக்குக் கிளம்பினோம். லூக்காஸ் படித்துறை வரை வந்தார். பியூலாவும் ஹெரியும் சாமான்களைப் படகில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அவர் பியூலாவைக் கூப்பிட்டு, என்னிடம் கேட்கச் சொல்லி ஏதோ சொன்னார். அவள் கையிலிருந்த பையைக் கீழே வைத்தாள்.

"சிங்கப்பூர்லேர்ந்து இங்க வர ரெண்டு நாள் ஆகுது, பையன் அடிக்கடி வர்றதில்ல. கல்யாணத்துக்கப்புறமாவது வருவாங்களான்னு கேக்குறாரு. உங்களுக்கு சிங்கப்பூர் பக்கம்தானே, பொண்ணு அடிக்கடி வருமே, உங்களுக்குத் தெரியும்கிறாரு."

"வருவாங்க, கவலைப்படாதீங்கன்னு சொல்லு" என்றேன். அவள் ஆற்றைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். அவர் என் கையைப் பிடித்து இரண்டு தடவை குலுக்கினார்.

சிங்கப்பூர் எங்களுக்கு நாலு மணி நேரம். அங்கே வேலைக்குப் போன மூன்று வருடத்தில் பியூலா சேர்ந்தாற்போல் நாலு நாள் என்னோடு இருந்தது இந்தப் பயணத்தில்தான். அதை அவரிடம் நான் சொல்லவில்லை.