மருமகளுக்கு முதல் பிடி

என் அண்ணன் வீட்டில் மாதுளம்பழம் உரிக்கும் நாளில் முதல் பிடி என் மகளுக்குத்தான். அதை நம்பி ஏழு வருஷம் அந்த வீட்டில் பாத்திரம் துலக்கினேன் என்றால் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள்.

கணவர் வாந்திபேதியில் போன பிறகு, மூன்று வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ராஜபாளையத்துக்குத் திரும்பினேன். அண்ணன் வாசலிலேயே சொன்னார்: "அழாதே. உன் மகதான் என் வீட்டு மருமக. பொறவு என்ன கவலை உனக்கு?" அவருக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவனுக்கு அப்போது எட்டு வயது. அவனுக்குத்தான் என் மகள் என்று அன்றைக்கே முடிவாயிற்று.

கிணற்றடியில் ஒரு மாதுளை நின்றது. அணில் கொறிக்காமல் காய்களுக்குக் கந்தல் துணி கட்டிவிடுவது பிள்ளைகளின் வேலை. பழுத்ததும் நான்கு பேரும் அடுப்படியில் வட்டமாக உட்காருவார்கள். ஒரு முத்துகூட நசுங்காமல் உரிக்க என் மகளுக்குத்தான் தெரியும். மற்றவர்களுக்குப் பொறுமை ஏது? கன்னம் உப்ப அடைத்துக்கொண்டு, கொட்டையை யார் தூரத் துப்புவது என்று ஒரே கூத்து. "முதல்ல என் மருமகளுக்கு" என்று மதினி அவள் கையை நிறைப்பாள். மூத்தவன் வெட்கப்பட்டு அடுப்பைப் பார்ப்பான். மற்ற இரண்டும் கைகொட்டிச் சிரிக்கும். அந்தச் சிரிப்பிலேயே எனக்கு வயிறு நிறைந்துவிடும்.

மகளுக்குப் பத்து வயதான புரட்டாசியில், அண்ணன் குடும்பம் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்துத் திருவண்ணாமலைக்குப் பெருமாளைச் சேவிக்கப் போனது. வீட்டைப் பார்த்துக்கொள்ள நாங்கள் இருவரும் தங்கினோம். போன இடத்தில், வத்திராயிருப்பில் நஞ்சையும் தென்னந்தோப்பும் உள்ள ஒரு குடும்பத்தைப் பார்த்து, மூத்தவனுக்குப் பெண் பேசி வைத்துவிட்டு வந்திருக்கிறார்கள். என்னிடம் ஒருவரும் மூச்சு விடவில்லை. அடுத்த வாரம் வில்வண்டி வாசலில் வந்து நின்றபோதுதான், மாப்பிள்ளை வீடு பார்க்க ஆள் வந்திருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது.

பெண்ணின் பெரியம்மா கூடத்தில் உட்கார்ந்தார். கூட வந்த இரண்டு சின்னப் பிள்ளைகளுக்கு மாதுளை உரித்துக் கொடுக்கச் சொல்லி மதினி என் மகளைக் கூப்பிட்டாள். மருமகளே என்று அல்ல, "ஏட்டி" என்று. குழந்தை ஒருகணம் நின்றுவிட்டுப் போய் உட்கார்ந்தது.

"முறைப்பொண்ணு யாரும் இருக்காளா?" என்று பெரியம்மா கேட்டார். "இருந்தா அவிய சம்மதம் கேட்டுத்தான் நாங்க தாம்பூலம் மாத்துவோம். பொறவு மனத்தாங்கல் வரக் கூடாது பாருங்க."

எங்கள் பக்கத்து வழக்கம் அது. முறைப்பெண்ணைப் பெற்றவள் வாய்விட்டு விட்டுக்கொடுக்காமல் வேறு இடத்தில் பெண் எடுக்க முடியாது.

தண்ணீர்ச் செம்போடு கூடத்து ஓரம் நின்ற என்னை மதினி பார்த்தாள். அண்ணன் வாசலில் நின்ற வண்டி மாட்டைப் பார்த்தார். அந்த மாட்டில் அப்படி என்ன அதிசயத்தைக் கண்டாரோ! நான் ஒரு வார்த்தை சொன்னால் சம்பந்தம் அங்கேயே முறிந்திருக்கும். முறித்துவிட்டு மறுநாள் பிள்ளையோடு எந்த வாசலில் போய் நிற்பது?

"அப்படி யாரும் இல்லைங்க" என்றேன்.

என் மகள் நிமிரவில்லை. அந்தப் பிள்ளைகளின் கையில் முத்துகளை அள்ளி அள்ளி வைத்தாள். எவ்வளவு பக்குவமாக உரிக்கிறாள் என்று பெரியம்மா மெச்சினார். மதினி முகத்தில் அப்போதுதான் உயிர் வந்தது. அவர்களைக்கூட நான் மன்னித்துவிடுவேன். அவர்களுக்கு என் மகள் பிறத்தியார் பெற்ற பிள்ளை. எனக்கு அந்தச் சாக்கும் இல்லை.

வண்டி போன பிறகு அவள் தோலையெல்லாம் கூட்டி அள்ளிக் கொட்டினாள். விரல்களைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள்.

"அப்ப நான் யாரும்மா?" என்று கேட்டாள்.

"கையைக் கழுவிட்டு வா, போ" என்றேன்.