லீக்ஸ் நட்ட வாய்க்கால்

அன்று நடந்தவை, நடந்த வரிசையில்:

1. மூன்று நாளாக மழை விடவில்லை.
2. குளத்துக் கட்டைப் பார்த்துக்கொள்ளும் என் அப்பா கந்தப்பளையில் ஒரு சாவு வீட்டுக்குப் போனார்.
3. தண்ணீரின் உயரத்தைப் பார்க்கும் வேலை எனக்கு வந்தது.
4. நான் இலைப் படகு விட்டேன்.
5. அம்மா என்னை அறைந்தார்.
6. அம்மா தன் லீக்ஸ் பாத்திகளைத் தானே வெட்டிவிட்டார்.
7. கட்டு நின்றது.

இந்த ஏழில் ஐந்தாவதை மட்டும்தான் நான் பல வருடங்கள் ஞாபகம் வைத்திருந்தேன். அப்போது எனக்கு ஒன்பது வயது.

இலங்கை மலைநாட்டில், வட்டகொடை ஸ்டேஷனில் இறங்கி மேலே ஏறினால் எங்கள் தேயிலைத் தோட்டம். இரண்டு மலைகள் சேரும் இடத்தில், எந்தக் காலத்துத் துரையோ தேயிலைத் தொழிற்சாலைக்குத் தண்ணீர் வேண்டுமென்று மண்ணால் ஒரு கட்டுக் கட்டிவிட்டுப் போயிருந்தார். சீமெந்து கிடையாது. மண்ணை இடித்து இறுக்கி மேலே புல் பதித்திருந்தார்கள், அவ்வளவுதான். தொழிற்சாலை பிறகு வேறு தண்ணீருக்கு மாறிவிட்டது. கட்டு தன் வேலையை விடவில்லை. மழைக்காலத்தில் இரண்டு மலைகளின் நீர்க் கான்களிலும் இறங்கி வரும் வெள்ளத்தைப் பிடித்து வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே அனுப்பியது. கீழே, பன்னிரண்டு குடும்பத்துக்குப் பன்னிரண்டு காம்பரா என்று ஒற்றை அறைகள் வரிசையாக ஒட்டியிருக்கும் எங்கள் லயம் இருந்தது.

கட்டின் ஓரத்தில், மலைப் பாறையை ஒட்டி, அகலமான வாய்க்கால் ஒன்று. குளம் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் அதன் வழியாக வழிந்து, லயத்தைச் சுற்றிக்கொண்டு ஆற்றுக்குப் போய்விடும். இன்று நான் வேலை செய்யும் அலுவலகத்தில் அதை வான் என்கிறோம். அம்மாவுக்கு அது மரக்கறித் தோட்டம்.

அம்மாவைக் குறை சொல்ல முடியாது. கண்ணுக்கெட்டிய தூரமெல்லாம் தேயிலை. அதில் ஒரு சாண் மண்கூட எங்களுடையது இல்லை. சமதரையாக, கறுத்த மண்ணோடு, யாரும் உரிமை கேட்காமல் கிடந்த ஒரே இடம் அந்த வாய்க்கால்தான். பாறைப் பக்கம் பெரிய வெங்காயத் தாள் போன்ற லீக்ஸ், கட்டுப் பக்கம் கேரட். குளத்துத் தண்ணீர் கசிந்து வேர் அழுகிவிடாமலிருக்க, அம்மாவின் தம்பியான என் மாமா உரச்சாக்குகளில் மண் நிரப்பி, வாய்க்காலின் வாயில் இடுப்பளவுக்கு ஒரு வரம்பு கட்டினார். நானும் புல் கட்டிகளைத் தூக்கி வந்து வைத்து, ஏறி மிதித்தேன். கட்டுக்குக் காவலாக இருந்த அப்பா இதையெல்லாம் பார்த்தும் பார்க்காதவர் போல இருந்தார். அந்த லீக்ஸை அவரும்தான் சாப்பிட்டார்.

குளத்தின் ஓரத்தில் ஒரு கல் தூண் உண்டு. அதில் அப்பா சிவப்புப் பெயின்டால் ஒரு கோடு போட்டிருந்தார். கந்தப்பளைக்குக் கிளம்பும்போது என்னைக் கூப்பிட்டு, "பாப்பா, தண்ணி செவப்புக் கோட்டத் தொட்டுச்சுன்னா ஒடனே அம்மாகிட்ட சொல்லணும். தொடலைன்னா நோட்டுல எழுதி வையி, வந்து பாக்குறேன்" என்றார். எனக்குத் தனியாக ஒரு நோட்டும் கொடுத்தார். அந்தக் காலத்திலேயே எனக்கு வரிசை எண் போட்டு எழுதுவதென்றால் உயிர்.

சனிக்கிழமை மத்தியானம் மழை கொஞ்சம் இளைத்தபோது மேலே போனேன். தூண் நின்றது. கோட்டைத்தான் காணவில்லை. தண்ணீர் அதை மூடிக்கொண்டு, அதற்கு மேல் ஒரு முழம் ஏறியிருந்தது. தண்ணீர் கோட்டைத் தொடுகிறதா என்பதுதான் எனக்கிருந்த கேள்வி. கோடே இல்லாதபோது எதைத் தொடும்? யோசித்து, அழகான எழுத்தில் எழுதினேன்: "கோடு காணவில்லை." சொல்லவேண்டிய அவசரம் எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

அதோடு, அதைவிட அழகான ஒன்றை நான் பார்த்துவிட்டேன். லயத்து ஆட்கள் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக் களத்துக்குப் போகக் கட்டின் மேல் குறுக்கே நடப்பார்கள். காலம் காலமாக மிதிபட்டு அந்த இடம் சற்றுப் பள்ளமாகியிருந்தது. அந்தப் பள்ளத்தின் வழியே குளத்துத் தண்ணீர் ஒரு நூல் போல மறுபக்கம் வழிந்துகொண்டிருந்தது. இந்தப் பக்கம் பால் விடாத தேநீரின் நிறத்தில் ஒரு பெரிய குளம், கட்டின் விளிம்பு வரை நிறைந்து, அசையாமல் நின்றது. அந்தப் பக்கம் ஆழத்தில் எங்கள் லயத்துத் தகரக் கூரைகளும் புகையும். நடுவில் என் காலடியில் ஒரு சின்ன ஆறு. உள்ளங்காலில் கட்டு இலேசாக அதிர்வது தெரிந்தது. உயிருள்ள ஒன்றின் முதுகில் நிற்பது போலிருந்தது. எனக்குப் பயமே வரவில்லை. இப்படி ஒன்றைக் குளம் எனக்கு மட்டும் காட்டுகிறதே என்றுதான் தோன்றியது.

ஒரு முற்றிய தேயிலை இலையைப் படகாக விட்டேன். அது மண்ணில் தட்டி நின்றது. ஒரு குச்சியை எடுத்து, படகு போக வழி செய்ய, மண்ணைக் கீறி ஆழமாக்கினேன். படகு போனது. அடுத்த இலைக்கு இன்னும் கொஞ்சம் கீறினேன். தண்ணீரும் எனக்கு ஒத்தாசை செய்தது. நான் ஒரு விரல் அகலம் கீறினால் அது இரண்டு விரல் அகலமாக்கிக் கொடுத்தது.

என்னைத் தேடி வந்த அம்மா நான்காவது படகின்போது மேலே ஏறி வந்தார். குளத்தைப் பார்த்தார். என் குச்சியைப் பார்த்தார். அதுவரை என்னை அடித்தே இராத அம்மாவின் கை என் கன்னத்தில் விழுந்தது. இடுப்பில் கட்டியிருந்த கனத்த படங்குத் துணியை அவிழ்த்து அந்தப் பள்ளத்தின் மேல் விரித்தார். ஓடி ஓடிக் கல் பொறுக்கி அதன் மேல் வைத்தார். நூல் நின்றது. பிறகு கீழே பார்த்துக் கத்தினார்.

"டேய் தம்பி! மம்பட்டிய எடுத்துக்கிட்டு ஓடியாடா!"

மாமா வந்தார். தண்ணீரைப் பார்த்ததும் அவருடைய வழக்கமான சிரிப்பு போய்விட்டது. இருவரும் வாய்க்காலுக்கு ஓடினார்கள். வரம்பு சாக்கோடு சாக்காக இறுகி, ஒரு சொட்டு விடாமல் நின்றது.

"பாத்தியாக்கா, நம்ம கட்டுனது நகரல."

"பெருமையப் பொறகு பேசு. வெட்டு."

"அப்ப இந்தப் பக்கம் வெட்டுவோம்க்கா. கேரட்டு எப்புடியும் பொழைக்கல. லீக்ஸாச்சும் மிஞ்சும்."

அம்மா ஒரு நிமிடம் லீக்ஸைப் பார்த்தார். முழங்கால் உயரம், கட்டைவிரல் பருமன். அடுத்த வாரம் பிடுங்க வேண்டியவை.

"அந்தப் பக்கம் கட்டோட தோள் இருக்கு. தண்ணி அதத் தின்னுரும். பாறைப் பக்கம் வெட்டு."

"அக்கா, அது பூரா லீக்ஸு."

"எனக்குத் தெரியாதா? நட்டவ நான்டா."

முதல் வெட்டை அம்மாதான் வெட்டினார். அதற்குள் கீழ்க் காம்பரா அத்தை, வயதில் அம்மாவைவிட மூத்தவர், குடை பறக்க ஏறி வந்துவிட்டார்.

"அடியே, என்னடி பண்றீக? தண்ணிய எங்க தலையில தொறந்து விடுறீகளா?"

அம்மா நிமிராமலே சொன்னார்: "மதினி, இது வாய்க்கா வழியாப் போவும். கட்டு ஒடைஞ்சா ஒங்க வாசல் வழியா வரும். எது வேணும்னு சொல்லுங்க, அதையே செய்யிறேன்."

அத்தை குளத்தைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பாத்தியில் இறங்கி, லீக்ஸைக் கொத்துக் கொத்தாகப் பிடுங்கத் தொடங்கினார்.

"வெட்டுறது வெட்டுறீக, அதுக்காக இம்புட்டையும் ஆத்துக்கா குடுப்பாக? ஏ புள்ள, அழுதது போதும், சாக்கப் புடி!"

நான் கன்னத்தைத் தடவிக்கொண்டே சாக்கைப் பிடித்தேன். அரைச் சாக்கு நிறைவதற்குள் மாமா, "மேல ஏறுங்க! எல்லாரும் மேல!" என்று கத்தினார்.

ஒரு சாக்கு நகர்ந்தது. அதன் பின்னால் அடுத்தது. அப்புறம் நான் பார்த்ததைச் சொல்ல இன்றும் எனக்குச் சரியான வார்த்தை கிடைக்கவில்லை. அசையாமல் நின்ற குளம் எழுந்து நடந்தது. வாய்க்காலின் முழு அகலத்துக்கும் தண்ணீர் சுருண்டு வந்தது. பாத்திகள் ஒன்றன் பின் ஒன்றாக மறைந்தன. மாமா கட்டிய சாக்குகள் தலையணைகள் போலப் புரண்டு போயின. பாறை நனைந்து கறுத்து, அதில் மோதிய தண்ணீர் வெள்ளையாகத் திரும்பியது. பக்கத்தில் நின்ற அத்தை ஏதோ சொன்னார். உதடு அசைந்தது, சத்தம் கேட்கவில்லை. வெள்ளம் லயத்தின் பின்புறத்தைச் சுற்றி, ஒரு கோழிக்கூட்டை மட்டும் எடுத்துக்கொண்டு, தான் போகவேண்டிய பாதை தனக்குத் தெரியும் என்பது போல ஆற்றுக்கு இறங்கியது.

பொழுது சாய்வதற்குள் சிவப்புக் கோடு மறுபடி தெரிந்தது. நோட்டில் எழுதினேன்: "கோடு கிடைத்தது."

மண் சரிந்து பாதை மூடியிருந்ததால் அப்பா மறுநாள்தான் வந்தார். முதலில் என் நோட்டைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு கட்டின் மேல் விரித்திருந்த படங்கையும், வாய்க்காலையும் பார்த்துவிட்டு வந்து அம்மாவிடம், "வெட்டுன எடம் சரியான எடம்" என்றார்.

"லீக்ஸ் நல்லா வந்த எடம்" என்றார் அம்மா.

அப்பா மண் சுமந்து அந்தப் பள்ளத்தை மேடாக்கி, புல் பதித்து, குறுக்கே யாரும் நடக்காதபடி முள்ளுக் கம்பி கட்டினார். இரண்டு வாரம் எல்லாக் காம்பராவிலும் லீக்ஸ் கறி.

எனக்குத்தான் நியாயம் புரியவில்லை. ஒரு மரக்கறித் தோட்டத்தையே நாசமாக்கிய அம்மாவை லயமே கொண்டாடுகிறது. ஒரு குச்சியால் கொஞ்சம் மண்ணைக் கீறிய என்னை அறைகிறார்கள். தண்ணீருக்கு அவர்களும் வழி செய்தார்கள், நானும் வழி செய்தேன். இந்தக் குறையை நான் பள்ளிக்கூடம் முடியும் வரை வைத்திருந்தேன்.

படிக்கப் போன இடத்தில் மண் அணைகளைப் பற்றிய முதல் பாடத்திலேயே சொன்னார்கள்: மண் அணை தன் முன்னால் எவ்வளவு தண்ணீர் நின்றாலும் தாங்கும், தலைக்கு மேல் ஓட விட்டால் தாங்காது. மேலே ஒரு விரல் அகலத்தில் ஓடும் தண்ணீர் பின்புறத்து மண்ணை அரித்து இறங்கி, தன் வழியைத் தானே ஆழமாக்கிக்கொள்ளும். அப்புறம் குளம் முழுவதும் அந்த வழியாக வரும். வகுப்பில் எல்லோரும் குறிப்பு எழுதினார்கள். நான் எழுதவில்லை. என் கை கன்னத்துக்குப் போயிருந்தது.

இப்போது சின்னக் குளங்களின் கட்டுகளைப் பார்த்து அறிக்கை எழுதுவது என் வேலை. எங்கள் தோட்டத்துக் கட்டும் என் பட்டியலில் இருக்கிறது. போன மாதம் போய்ப் பார்த்தேன்.

கட்டு நிற்கிறது. மேலே பள்ளம் எதுவும் இல்லை. வாய்க்கால் சுத்தமாக இருக்கிறது. அதில் யாரும் எதுவும் நடவில்லை. கீழே பன்னிரண்டு காம்பராவிலும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். அம்மா காம்பராவுக்குப் பின்னால் உரச்சாக்குகளில் மண் நிரப்பி லீக்ஸ் வளர்க்கிறார். எங்களுக்கு வேறு நிலம் இல்லை.