செய்யது கட்டாத ஆசிட் பெட்டி

செய்யது போய்விட்டான். நேற்று காலை, குளச்சலில், வீட்டில் வைத்து.

நம்ம லேபரட்டரி ஸ்டோர் செய்யதுதான். கடைசி இரண்டு வருடமாக கேட்டில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தானே, அவன்.

நம்ம கம்பெனி துரை நோட்டீஸ் போர்டில் இரண்டு வரி ஒட்டியிருக்கிறார். "ஒரேயொரு கவனக்குறைவைத் தவிர, நேர்மையான ஊழியர்." அதன் கீழே நீங்கள் எல்லோரும் பென்சிலால் எழுதியிருக்கிறீர்கள். "பாவம், அந்த ஒரு தப்பை மட்டும் செய்யாமல் இருந்திருந்தால்..."

வாசித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தத் தப்பு அவன் செய்தது இல்லை. அதனால்தான் ஒரு முழுத் தாளில் எழுதி, பக்கத்திலேயே ஒட்டுகிறேன்.

முதலில் ஒன்று. ஆள் பெரிய தொல்லை. செத்துப்போனான் என்பதற்காக இல்லாததை எல்லாம் என்னால் எழுத முடியாது.

நைட்ரிக் ஆசிட் நாலு அவுன்ஸ் வேண்டும் என்று ஸ்டோருக்குப் போனால் அரைநாள் போய்விடும். வேட்டியை மடித்துக் கட்டு, துண்டை வெளியே வை, ஜன்னலைத் திற, மூச்சை இந்தப் பக்கம் விடு... வாங்க வந்தது மறந்தே போகும்.

ஒருநாள் பாட்டிலின் கண்ணாடி மூடி இறுகிவிட்டது. கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவலாமே என்றேன். நம்ம ஊரில் எதற்குத்தான் தேங்காய் எண்ணெய் தடவுவதில்லை?

"ஏலே, உனக்க தலைக்குத் தேயி! இதுல தேச்சா ரெண்டு பேருக்க மூஞ்சியும் போவும், கேட்டியா?"

கத்தின கத்தல் பேலன்ஸ் ரூம் வரைக்கும் கேட்டது. அங்கே எடை போடுகிற என் சகாக்கள் ஒரு வாரம் சிரித்தார்கள்.

பிறகு அந்த மணல் கூத்து. ஆசிட் பாட்டில்களைப் பெட்டியில் அடுக்கினால் சுற்றிலும் காய்ந்த மணல்தான் போட வேண்டும். அதையும் சும்மா போட விடமாட்டான். சல்லடை வைத்துக் கிளிஞ்சல் துண்டுகளை எல்லாம் எடுத்துவிடுவான். கிளிஞ்சலில் ஆசிட் பட்டால் நுரைத்துப் பொங்குமாம். மீன் கொண்டுபோகிற பெண்கள் நின்று பார்த்து, அண்ணன் முறை வைத்து, "காக்கா, புட்டுக்கா சலிக்கிய?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

நம்ம கம்பெனியே மணலை அள்ளிக் கப்பலேற்றத்தான் இருக்கிறது. இருந்தும் ஒரு பெட்டிக்கு மணல் போடச் சொன்னால் நம் எல்லோருக்கும் எரிச்சல்.

இனி அந்த வெள்ளிக்கிழமை...

மண்டைக்காடு அம்மன் கோயில் கொடை விழா. மத்தியானத்தோடு வேலையை முடித்துவிட்டுப் போய்விடலாம் என்று நான் காலையிலிருந்தே நிலைகொள்ளாமல் இருந்தேன். கப்பலில் வந்த ஆசிட் துறைமுகக் கொட்டகையில் கிடந்தது. வந்த பெட்டி உடைந்துவிட்டதால் வேறு பெட்டியில் மாற்றிக் கட்டி, மாட்டு வண்டியில் லேபரட்டரிக்குக் கொண்டுவர வேண்டும். நானும் செய்யதும்தான் போயிருந்தோம்.

"ஜும்மா தொழுதிட்டு வாறேன் மக்கா. நான் வராம நீ பெட்டியத் தொடாண்டாம்," என்று சொல்லிவிட்டுப் போனான்.

தொட்டேன்.

காத்திருக்கப் பொறுமை இல்லை. மணல் சலிக்கவும் பொறுமை இல்லை. கொட்டகை மூலையில் கதம்பல், அதுதான் தேங்காய் மட்டை நார், குவிந்து கிடந்தது. முகம் பார்க்கிற கண்ணாடி, விளக்குச் சிம்னி, பீங்கான் கோப்பை... நம்ம பக்கத்தில் உடைகிற சாமான் எல்லாம் கதம்பலில் பொதிந்துதானே போகிறது? அதையே பாட்டில்களுக்கு நடுவில் திணித்து, ஆணி அடித்து, வண்டியில் ஏற்றிவிட்டேன்.

நைட்ரிக் ஆசிட் பட்டால் கதம்பல் தானாகவே தீப்பிடிக்கும். அவன் நூறு தடவை சொன்னதுதான்.

வண்டி லேபரட்டரி கேட்டுக்கு வரும்போது ஒரு பாட்டில் விரிசல் விட்டிருந்தது. பெட்டியிலிருந்து செம்பழுப்பாகப் புகை. வண்டிக்காரர் குதித்து ஓடிவிட்டார். நான் பத்தடி தள்ளி நின்றேன். நின்றேன் என்றால், சும்மா நின்றேன்.

கொட்டகையில் பெட்டியைக் காணாமல் செய்யது வண்டித் தடத்தைப் பிடித்து ஓடி வந்திருக்கிறான், தலையில் தொப்பியோடு. முதலில் மாடுகளை அவிழ்த்து விரட்டினான். பிறகு புகைக்குள்ளே போய், பெட்டியைக் கீழே இழுத்துத் தள்ளி, மணலை வாரி வாரிப் போட்டான். அன்றைக்குப் பிடித்த இருமல்தான் அது.

துரை வந்து, யார் கட்டியது என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள்... இல்லை, பொய் வேண்டாம். நான் வாயைத் திறக்கவே இல்லை.

"ஸ்டோர் எனக்க பொறுப்பு சார்," என்றான் இவன்.

அவ்வளவுதான். அவனை கேட்டில் கொண்டுபோய் உட்காரவைத்தார்கள். ஸ்டோரை என்னிடம் கொடுத்தார்கள்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "எதுக்குடே அப்பிடிச் சொன்ன?" என்று சண்டைக்கே போனேன்.

"உனக்கு சோலி போனா உனக்க வீட்டுல எவன் சோறு போடுவான்? போடே, போயி வேலயப் பாரு."

டாக்டரிடம் போவோம் என்று கூப்பிட்டால் அதற்கும் வரமாட்டான். சுக்குக் கஷாயம் போதுமாம். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமுவான், என்னைப் பார்த்ததும் நிறுத்தப் பார்ப்பான். இப்படியும் ஒரு மனுஷன் பிடிவாதம் பிடிப்பானா?

நேற்று அடக்கம் முடிந்து திரும்பும்போது அவன் மச்சினன் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மச்சான் அன்னைக்கி கொஞ்சம் கவனமா இருந்திருந்தா இந்த நெஞ்சு கெட்டிருக்குமா சார்?"

வீட்டில்கூடச் சொல்லவில்லை, பாவி. அவன் மனைவியும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறாள். நேற்றும் நான் ஒன்றும் பேசாமல் வந்துவிட்டேன்.

பென்சிலால் எழுதினவர்கள் தயவுசெய்து வந்து அழித்துவிடுங்கள். கதம்பல் வைத்துக் கட்டியது நான். துரைக்கும் தனியாக எழுதிக் கொடுத்துவிட்டேன். சாயங்காலம் குளச்சலுக்குப் போய் அவன் மனைவியிடம் சொல்ல வேண்டும்... எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

உன் மேல் எனக்கு இன்னும் கோபம்தான், செய்யது. போயிட்டு வா மக்கா.

பூதலிங்கம்