நான் காட்டாத ஓங்கில்

மாசி மகத்துக்குக் கடலாட வந்த சாமி வண்டி மணலில் புதைந்து, குருசுக்குப்பமே கூடி இழுத்ததே, அதற்கு மூன்றாம் நாள் அந்த அம்மா என் படகில் ஏறினார். டால்பின் பார்க்கப் போகிற படகு; டால்பினை நாங்கள் ஓங்கில் என்போம். ஆறு பேருக்கு மேல் ஏற்றமாட்டேன். குட்டையான உருவம், சோடாப்புட்டிக் கண்ணாடி. தண்ணீர் தெறிக்கும்போதெல்லாம் அதைக் கழற்றிப் புடவையில் துடைப்பார்.

“ஒண்ணாவது காட்டிடுங்க பெரியவரே. இதுக்குன்னே சேலத்துலேர்ந்து வந்தேன், சாயங்காலம் ரயிலு” என்றார்.

மற்ற ஐந்து பேரும் வாந்தி எடுத்து, “கரைக்குத் திருப்புய்யா!” என்று கத்தினார்கள். எனக்கும் அலுப்பு. திருப்பினேன். அவர் கண்ணாடி துடைக்கிற நேரம் பார்த்து, பின்னால் நாலு முதுகு எழும்பி முங்கின. காட்டினால் இன்னும் ஒரு மணி நேரம் நிற்கச் சொல்வார்.

“சத்தம் கேட்டுச்சே, வந்துச்சா?”

“இல்லம்மா, அலைதான்.”

“பரவால்ல. அதுங்களுக்கு ஆயிரம் வேலை இருக்கும்” என்று சிரித்தார். கரையில் இறங்கி என்னைக் கும்பிட்டுவிட்டு வேறு போனார்.

பெயர்கூடக் கேட்கவில்லை. சேலம் பக்கம் அப்படி ஒருவரைப் பார்த்தால் சொல்லுங்கள்: அன்றைக்கு நாலு வந்தது, படகுக்காரன்தான் மறைத்துவிட்டான்.